எவ்வளவு அனுப்பினாலும் "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்கிறார்கள், என்ன செய்யலாம்?

குன்னூர்_ஆபீஸ் எழுதியது:

நீலகிரியில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், ஊரே சின்னது. பெற்றோருக்குப் போகிற சர்க்குலர், லீவு அறிவிப்பு, ஃபீஸ் ஞாபகப்படுத்தல், மாதச் செய்தி மடல் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். பெரும்பாலும் போர்டிங் பிள்ளைகள், கொஞ்சம் டே ஸ்காலர். பெற்றோர் துபாய், சிங்கப்பூர், சியோல், பெங்களூரு, மதுரை என்று இருக்கிறார்கள், அப்புறம் இதோ பக்கத்தில் வெலிங்டனிலும் கோத்தகிரியிலும்.

ஒரே விஷயத்தை மெயிலில் அனுப்புகிறோம், பள்ளி ஆப்பில் போடுகிறோம், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறோம். மூன்றிலும் போட்ட பிறகும் பாதிப் பேர் போன் செய்து "எப்போ சார் லீவு விடறீங்க?" என்று கேட்கிறார்கள். மீட்டிங்கில் ஒருவர் எழுந்து "இந்தப் பள்ளியில் எதையும் சொல்வதே இல்லை" என்றால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். மெயில் அனுப்பிய தேதியைக் காட்டினால் கோபம் இன்னும் ஏறுகிறது. மழைக்காலம் இதைவிட மோசம். பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்ட ஒரு நாள், யாரோ ஒரு பெற்றோர் எப்போதோ எங்கேயோ எடுத்த பழைய வீடியோவைக் குரூப்பில் தட்டிவிட, ராத்திரி வரைக்கும் ஆபீஸ் போனைக் கீழே வைக்க முடியவில்லை. பிள்ளைகள் எல்லாம் டார்மில், அதாவது பள்ளி விடுதியில், உட்கார்ந்து கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகம் புதிதாக ஒரு ஆப் வாங்கலாம் என்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு யோசனையும் இல்லை. பெற்றோராக இருப்பவர்கள் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? வேறு மலைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? திட்டினாலும் பரவாயில்லை, விவரமாகத் திட்டுங்கள்.

துபாய்வாசி எழுதியது:

விவரமாகவே திட்டுகிறேன். என் பையன் அந்தப் பக்கம் ஒரு போர்டிங்கில்தான் படிக்கிறான், உங்கள் பள்ளியாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

உங்கள் மெயிலை நான் படிப்பது லிஃப்ட்டில். மேலே பள்ளி முத்திரை, அதன் கீழ் முதல்வர் படம், அதன் கீழ் பருவநிலை எவ்வளவு ரம்மியமாக இருக்கிறது என்று ஒரு பத்தி, இன்டர் ஹவுஸ் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு பத்தி, எல்லாம் முடிந்து ஆறாவது பத்தியில் "வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் நகல் அனுப்பவும்". நான் ஆறாவது பத்திக்குப் போவதற்குள் என் மாடி வந்துவிடுகிறது. நான் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அது தலைப்பு வரியிலேயே இருக்கட்டும், கடைசித் தேதியோடு. செய்ய எதுவும் இல்லையென்றால் அதையும் தலைப்பிலேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை டீயோடு நிதானமாகப் படித்துக்கொள்கிறேன். ஃபோட்டோக்கள் பிடிக்கும்தான், பொய் சொல்லவில்லை.

அப்புறம் நேரம். "சனி காலை 9.30க்கு ஆன்லைன் மீட்டிங்" என்று மட்டும் வருகிறது. இங்கே அது காலை 8, சிங்கப்பூரில் மதியம் 12, சியோலில் 1 மணி, நியூ ஜெர்சியில் இருப்பவருக்குக் கோடையில் நள்ளிரவு. ஒரு வரி சேர்த்துப் போட்டால் முடிந்தது. அந்த நியூ ஜெர்சி பெற்றோருக்கு ஒரு முறையாவது சாயங்கால நேரம் கொடுத்தால் அவரும் மனிதர்தான் என்று பள்ளிக்குத் தெரிந்திருக்கிறது என நினைத்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு ஆறாத விஷயம். பையனுக்குக் காய்ச்சல் வந்து, சிக் ரூமில் படுத்து, மருந்து சாப்பிட்டு, காய்ச்சல் விட்டு வகுப்புக்குப் போன பிறகு மெயில் வருகிறது. கவலைப்பட வேண்டாம் என்றுதான் சொல்லவில்லையாம். நான் கவலைப்படுகிறேனா இல்லையா என்பதைப் பள்ளி எனக்காக முடிவு செய்ய வேண்டாமே. ஸ்போர்ட்ஸ் டே அறிவிப்பு வருவதற்கு முன்பு எனக்கு இந்தச் செய்தி வந்திருக்க வேண்டும்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

போர்டிங் பெற்றோர் பிரச்சினை வேறு, எங்களைப் போன்ற டே ஸ்காலர் வீட்டுப் பிரச்சினை வேறு. இரண்டு பேருக்கும் ஒரே மெயிலை அனுப்புவதுதான் முதல் தப்பு. "டார்ம் துணி லேபிள்" பற்றி எனக்கு எதற்கு?

மழை விஷயம் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஆறு தாலுகா. கலெக்டர் லீவு விடும்போது சில நாள் மாவட்டம் முழுக்க விடுவார், சில நாள் தாலுகா பார்த்து விடுவார். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் அடித்து ஊற்றும்போது கோத்தகிரியில் லேசான தூறல்தான். ஐப்பசி கார்த்திகையில் அப்படியே தலைகீழ், குன்னூரும் கோத்தகிரியும் தான் மாட்டும். பள்ளி இருப்பது ஒரு தாலுகா, என் மகள் கிளம்பி வருவது இன்னொரு தாலுகா. எங்கள் தாலுகாவுக்கு லீவு, பள்ளி இருக்கும் தாலுகாவுக்கு லீவு இல்லை என்றால் பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா, அனுப்பாவிட்டால் ஆப்சென்ட் போடுவீர்களா? இதை வருஷ ஆரம்பத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மழையன்று யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம். இப்போது நடப்பது என்ன, வேன் கிளம்பிப் பாதி தூரம் போன பிறகு "இன்று வகுப்புகள் ஆன்லைனில்" என்று மெசேஜ் வருகிறது.

இன்னொன்று, எங்கள் வீட்டில் மெயில் எனக்கு வரும், ஆனால் நான் காலையில் தேயிலை எடுக்கிற இடத்தில் நிற்பேன். பிள்ளையை வேனில் ஏற்றுவது என் அம்மா. அவருக்கு ஆங்கில சர்க்குலர் எந்த விதத்திலும் உதவாது. தமிழில் அரை நிமிஷ வாய்ஸ் நோட் ஒன்று போடுங்கள், அது போதும். இன்டர்நேஷனல் என்று பேர் வைத்துவிட்டால் பக்கத்து ஊர் பாஷையில் பேசக்கூடாது என்று யாராவது சொன்னார்களா?

ஹெத்தையம்மன் பண்டிகை நாளில் பேரண்ட்ஸ் மீட்டிங் வைத்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிற நாள் அது.

கொடை_டார்ம்_அக்கா எழுதியது:

நான் கொடைக்கானலில் ஒரு போர்டிங்கில் டார்ம் பேரண்ட், அதாவது விடுதியில் பிள்ளைகளோடு இருந்து பார்த்துக்கொள்கிற ஆள். ஆபீஸ் ஆள் கிடையாது, அதனால் ஆபீஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர் போன் செய்து "எப்போ லீவு" என்று கேட்பது லீவு தேதிக்காக இல்லை என்பது என் அனுபவம். தேதி அவர்களிடம் இருக்கிறது. பிள்ளையைப் பற்றி யாரிடமாவது நாலு வார்த்தை பேசக் காரணம் வேண்டும், அதற்கு லீவு தேதி ஒரு சாக்கு. நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், டார்ம் பேரண்ட் ஒவ்வொருவரும் தன் பிள்ளைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை இரண்டே வரி அனுப்புகிறோம். "இந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டாள், ரூம்மேட்டோடு சின்னச் சண்டை, இப்போது சமாதானம்." அவ்வளவுதான். விசேஷம் ஒன்றும் இல்லாத வாரத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றே எழுதுகிறோம். அந்த "ஒன்றும் இல்லை"க்குத்தான் அதிகமாக நன்றி வருகிறது. இதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை, ஆனால் ஒரு டார்ம் பேரண்டிடம் எத்தனை பிள்ளைகள் என்பதைப் பொறுத்த விஷயம், அதை நிர்வாகம் ஒத்துக்கொள்ள வேண்டும். அறுபது பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு இதையும் செய் என்றால் நடக்காது.

மழை, புயல் பற்றி. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலையைத் தாண்டிப் போனபோது மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டது, கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. பள்ளிக்குள் எல்லோரும் பத்திரம், ஆனால் அதைச் சொல்ல வழி இல்லை. அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது: மலைக்குக் கீழே, சமவெளியில் இருக்கிற ஒருவரிடம் பெற்றோர் பட்டியலும் அனுப்புகிற உரிமையும் கொடுத்து வைத்திருக்கிறோம். மேலிருந்து எப்படியாவது ஒரு வரி அவருக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் பக்கமும் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு நாளில் ஆப் திறக்குமா? சாதா எஸ்எம்எஸ் மெல்லிய சிக்னலிலும் போகும். அதை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

வதந்தி வீடியோவுக்கும் மருந்து இதுதான். நெருக்கடி நாளில் "அடுத்த செய்தி மாலை 4 மணிக்கு" என்று போட்டுவிட்டு, 4 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "நிலைமை மாறவில்லை, பிள்ளைகள் டார்மில், அடுத்தது 7 மணிக்கு" என்று அனுப்பிவிட வேண்டும். நேரம் தவறாமல் வருகிறது என்று தெரிந்தால் பெற்றோர் காத்திருப்பார்கள். நீங்கள் மௌனமாக இருக்கிற அந்த மூன்று மணி நேரத்தில்தான் பழைய வீடியோ உள்ளே வருகிறது.

பழைய_வாத்தியார் எழுதியது:

எல்லோரும் பள்ளியையே சாத்துகிறீர்கள். ராத்திரி 11 மணிக்கு வகுப்பு டீச்சருக்கு "ஹோம்வொர்க் என்ன மேடம்" என்று மெசேஜ் போடுகிறவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். அனுப்பியதைப் படிக்காமல் அனுப்பவில்லை என்பதும், இரண்டு நிமிஷத்தில் பதில் வராவிட்டால் முதல்வருக்கு மெயில் போடுவதும் சகஜமாகிவிட்டது. எத்தனை மணிக்குள் பதில் வரும், எத்தனை மணிக்கு மேல் வராது, அவசரம் என்றால் எந்த எண் என்று பள்ளி ஒரு முறை எழுதிவைத்து அதில் நிற்க வேண்டும். டீச்சரின் சொந்த எண்ணைப் பெற்றோரிடம் கொடுக்கவே கூடாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பொதுவான செய்தியால் பிள்ளையின் படிப்பில் எந்த மாற்றமும் வராது, குறிப்பான செய்தியால் வரும். லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர் பெர்க்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார்: பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த வேலையை முடித்துக் கொடுக்கவில்லை என்று சில பெற்றோருக்கு மட்டும் தொடர்ந்து சொல்லிவந்தபோது, அந்தப் பிள்ளைகளில் உயர்நிலை வகுப்பில் இருந்தவர்களின் மதிப்பெண் ஏறியது. பெற்றோர் தங்கள் பிள்ளை ஒழுங்காகத்தான் செய்கிறது என்று நிஜத்தைவிட அதிகமாக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. இது நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். டெர்ம் முடிவில் ரிப்போர்ட் கார்டில் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மதுரை_அம்மா எழுதியது:

ரிப்போர்ட் கார்டு என்றதும் வயிறு எரிகிறது. மகள் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமா என்கிற பிளஸ் டூ மட்டப் படிப்பில் சேர்ந்த முதல் டெர்மில் கெமிஸ்ட்ரியில் 5 என்று வந்தது. என் வீட்டுக்காரர் பத்துக்கு ஐந்தா என்று பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிட்டார். ஐபியில் பாடத்துக்கு 7தான் உச்சம், ஆறு பாடத்துக்கு 42, நீண்ட ஆய்வுக் கட்டுரை, டிஓகே (தியரி ஆஃப் நாலெட்ஜ்) என்கிற பாடம் இரண்டுக்கும் சேர்த்து 3, மொத்தம் 45 என்பதை நாங்களே இன்டர்நெட்டில் தேடிப் படித்தோம். அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் இதை நாலு வரியில் அச்சடித்திருந்தால் அன்றைக்கு வீட்டில் அந்தக் கூத்து நடந்திருக்காது.

இதைவிடப் பெரியது நீட். நம் ஊர்ப் பெற்றோரில் எத்தனை பேர் மனதில் மெடிக்கல் இருக்கும் என்று பள்ளிக்குத் தெரியாதா? நீட்டுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும். ஐபியின் வழக்கமான ஆறு பாட அமைப்பில் மூன்று அறிவியல் பாடங்களும் தானாக அமையாது, முன்கூட்டியே கேட்டுத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். எங்களுக்கு இது தெரிந்தது பாடம் எடுத்து வகுப்பு ஆரம்பித்த பிறகு. ஐபி டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது என்று அட்மிஷன் சமயத்தில் அழகாகச் சொன்னார்கள், அது உண்மைதான், ஆனால் சமம் என்பதும் நீட் எழுத முடியும் என்பதும் ஒன்றல்ல. பத்தாவது பாதியிலேயே பெற்றோரை உட்காரவைத்து, எந்தப் பாடம் எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று சொல்லுங்கள். மூடுகிற கதவைச் சொல்லுங்கள், திறக்கிற கதவை பிரோஷரில் பார்த்துக்கொள்கிறோம்.

என்னைக் கேட்டால், பள்ளியிலிருந்து வருகிற மற்ற எல்லா மெயிலையும் நிறுத்திவிட்டு இந்த ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே போதும்.

பெங்களூர்_டிரைவர்_கம்_அப்பா எழுதியது:

பிள்ளையைப் பார்க்க வரும் நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆண்டு விழா சாயங்காலம் 7 மணிக்கு முடிகிறது என்று அழைப்பிதழ். பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்று பள்ளிக்குத் தெரியாதா? கூடலூர் வழியாக இறங்கி முதுமலையைத் தாண்டி 9க்குள் செக்போஸ்ட்டைப் பிடிப்பது 7 மணிக்குக் கிளம்பினால் நடக்கிற காரியமா? ராத்திரி தங்க வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், சீசனில் ஊட்டியில் ரூம் கிடைப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

இ-பாஸும் அப்படியே. 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டி வைத்திருக்கும் பள்ளி ஆபீஸ்காரர்களுக்கு அது ஞாபகத்திலேயே வராது போல. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் போட்டார்கள். மே மாதம் லீவு விட்டுப் பிள்ளையை அழைத்துப்போக வருகிற பெற்றோருக்கு இதை ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். கூடவே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் பிடுங்கி அபராதம் போடுவார்கள் என்பதையும் சேர்த்து ஒரே மெயிலில் போடுங்கள். பள்ளியின் தொலைநோக்குப் பார்வையைப் பற்றிய பத்தியை அந்த ஒரு மாதம் எடுத்துவிடலாம்.

குன்னூர்_ஆபீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திட்டு நன்றாகவே விழுந்தது. ஆப் வாங்க வேண்டாம் என்று எழுதப் போகிறேன், அந்தப் பணத்தில் டார்மில் ஆள் கூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். கிடைக்குமா என்பது வேறு கதை. போர்டிங், டே ஸ்காலர் பட்டியலைப் பிரிப்பது என் கையில் இருக்கும் வேலை, அதை இந்த வாரமே செய்துவிடலாம். காய்ச்சல் விஷயத்தை நர்ஸிடம் பேசிவிட்டேன், பிள்ளை சிக் ரூமில் ராத்திரி தங்கினால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

இரண்டு சந்தேகம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பை என்ன செய்வது? டீச்சரும் பெற்றோரும் ஒரே குரூப்பில் இருப்பதால் மார்க்கிலிருந்து மெஸ் சாம்பார் வரைக்கும் அங்கேயே ஓடுகிறது, பிள்ளைகளின் ஃபோட்டோவையும் ஆளாளுக்குப் போடுகிறார்கள். அப்புறம் தமிழ் வாய்ஸ் நோட் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கொரியப் பெற்றோர் எங்களுக்கு எங்கே என்று கேட்டால்?

கொடை_டார்ம்_அக்கா எழுதியது:

குரூப்பிலிருந்து பள்ளி வெளியே வந்துவிட வேண்டும். பெற்றோர் தங்களுக்குள் பேச ஒரு குரூப் வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் திண்ணை. பள்ளிக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் அறிவிப்புக் குரூப் ஒன்று போதும், அட்மின் மட்டும்தான் எழுத முடியும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஃபோட்டோ விஷயத்தில் கவனம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தையாகத்தான் பார்க்கிறது. பிளஸ் டூ பையனுக்கு மீசை இருந்தாலும் அப்படித்தான். அட்மிஷன் சமயத்திலேயே எதற்கு ஃபோட்டோ எடுப்போம், எங்கே போடுவோம் என்று தனியாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளை பெயர் ஃபோட்டோ எடுப்பவர் கையில் இருக்க வேண்டும்.

கொரியப் பெற்றோருக்கு எங்கள் பள்ளியில் கொரிய அம்மா ஒருவரே முன்வந்து முக்கியமானதை மட்டும் அவர்கள் மொழியில் போட்டுவிடுகிறார். அவர்களுக்குள் ககாவோடாக் என்கிற கொரிய மெசேஜ் ஆப்பில் குரூப் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், உங்கள் பக்கமும் யாராவது இருப்பார்கள். ஆனால் மழை, உடம்பு சரியில்லை, பணம், இந்த மூன்றைப் பற்றியது மட்டும் பள்ளியே நேரடியாகச் சொல்ல வேண்டும், பெற்றோர் தலையில் கட்டாதீர்கள்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

தமிழ் வாய்ஸ் நோட்டை யார் பேசுவது என்று கமிட்டி எல்லாம் போட வேண்டாம். உங்கள் வேன் டிரைவரையே பேசச் சொல்லுங்கள். எந்த வளைவில் மண் விழுந்திருக்கிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான், எங்கள் அம்மாவும் அவர் சொன்னால்தான் நம்புவார். ஆனால் ஆபீசில் யாராவது சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவரே லீவு விட்டுவிடுவார்.